எக்ஸ்ரே சரி, எலும்பு சரியா?

2024 பாரிஸ் ஒலிம்பிக் மகளிர் பூப்பந்து அரையிறுதியைத் தொலைக்காட்சியில் பார்த்த நேயர்களுக்கு நினைவிருக்கும். முதல் செட்டை வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்த ஸ்பெயினின் கரோலினா மரின் முழங்கால் பிசகி விழுந்தார். முன் சிலுவைத் தசைநார் அறுந்துபோனது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் குறுக்காக இழுத்துப் பிடித்திருக்கும் நார் அது.

இப்படிப்பட்ட காயத்தில் நாம் நாரைப் பற்றித்தான் பேசுகிறோம். அதே நொடியில் பெரும்பாலோருக்கு எலும்பும் அடிபடுகிறது. பிடி விட்டுப்போன கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவ, தொடை எலும்பின் வெளிப்பக்க முனை அதன் பின்பகுதியில் போய் மோதும். எலும்பின் உள்ளே கடற்பஞ்சு போலிருக்கும் மெல்லிய இழைகள் நொறுங்கி, இரத்தமும் நீரும் கசிந்து தேங்கும். அடிபட்ட தோல் கன்றிப் போகிறதல்லவா, அதுபோல் இது எலும்பின் கன்றல்.

எக்ஸ்ரேயில் இது தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். "எலும்பில் ஒன்றுமில்லை" என்றதும், இரண்டு நாள் எம்.சி. முடிந்து, தைலம் தேய்த்துக்கொண்டு ஃபுட்சால் ஆடப் போகும் இளைஞர்கள் எத்தனை பேர்!

கன்றலுக்குப் பொதுவாக அறுவை சிகிச்சை தேவையில்லை. தேங்கியதை உடலே உறிஞ்சிக்கொண்டு, புதிய எலும்பை வளர்க்கும். பலருக்குச் சில மாதங்கள் பிடிக்கும். சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். அதுவரை ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். தேவையானால் ஊன்றுகோல், மருத்துவர் அனுமதித்தபின் சைக்கிள், நீச்சல். புகைபிடிப்பவருக்கு எலும்பு ஆறுவது தாமதமாகும். பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்.

வலி போனால் ஆடலாமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. கூடாது. வலி முன்னதாகவே அடங்கிவிடும். எலும்பு ஆறுவது அதற்குப் பிறகுதான். தவிரவும், முழுதாக அறுந்த நார் பெரும்பாலும் தானாக ஒட்டாது. முட்டி நழுவும் ஒவ்வொரு தடவையும் எலும்பு மறுபடி மோதிக்கொள்ளும். மேலே மூடியிருக்கும் குருத்தெலும்பும் சிதையும். எலும்பு ஆறுவதுபோல் குருத்தெலும்பு ஆறாது. நாரைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் 9 மாதமாவது பொறுத்துத்தான் ஆட்டத்துக்குத் திரும்பச் சொல்கிறார்கள்.

விழுந்தபோது முட்டிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டதா? சில மணி நேரத்தில் வீங்கியதா? படியிறங்கும்போது கால் பிடிமானமின்றி நழுவுகிறதா? எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் எலும்பு சிறப்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.