கண்ணில் விழுந்த தூசும் கண்டறியும் ஒளியும்



கண்ணின் முகப்பில், கடிகாரத்தின் மேல் கண்ணாடி பதித்தாற்போல, ஒரு தெளிந்த படலம் கவிந்திருக்கிறது. அதனைக் கருவிழிப் படலம் என்கிறோம். அதன் கனம் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய் கிடையாது. ஒளி தடையின்றி உட்புக அதுவும் ஒரு காரணம். அப்படலத்தில் ஆழமான புண் உண்டாகி ஆறினால், வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று கிராமத்தார் சொல்வார்கள்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் இப்புண் அரிதன்று. கதிர் அறுக்கையில் தாள் கீறுகிறது. களத்தில் தூற்றுகையில் உமி தெறிக்கிறது. 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், இத்தகைய புண்ணோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் நூற்றுக்கு 65 பேர் முதலில் கண்ணில் அடிபட்டவர்கள். பெரும்பாலும் வயல் வேலையின்போது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா. ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூஞ்சை. நூற்றில் ஒருவருக்கு மட்டும் மூன்றாவது கிருமி ஒன்று இருந்தது. அதுவே அகந்தமீபா.

அகந்தமீபா என்பது மண்ணிலும் நீரிலும் பாக்டீரியாவைத் தின்று வாழும் ஓரணு உயிர். உணவு குன்றினாலோ நஞ்சு நெருங்கினாலோ, இரண்டு சுவர் கொண்ட கூட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே உறங்கும். பல மருந்துகள் அக்கூட்டை ஊடுருவ மாட்டா. 1970களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்நோய் அறியப்பட்டது. அந்நாடுகளில் இது பெரும்பாலும் கண்ணில் ஒட்டும் வில்லை அணிவோரைப் பற்றுகிறது. மதுரை மருத்துவர்களோ, அவ்வில்லையை அணியாதவர்களிடமும் இந்நோயைக் கண்டு 1990ஆம் ஆண்டில் எழுதினர். இங்கே சேற்று நீரும் மண்ணுமே அதன் வாயில்கள்.

கிருமி எதுவாயிருந்தால் என்ன, மருந்து போட்டால் தீராதா என்று நீங்கள் கேட்கலாம். தீராது. பூஞ்சையைக் கொல்லும் நாட்டமைசின் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவுக்குரிய சாதாரண மருந்து அமீபாவின் கூட்டைத் தொடாது. வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ, தவறான வேளையில் இடப்பட்டால், பூஞ்சைக்கு வழிவிட்டு நிற்கும். அமீபாப் புண் தொடக்கத்தில் வைரஸ் புண்ணைப் போலத் தோற்றமளித்து ஏமாற்றுவதும் உண்டு. ஆகவே எதிரியை அறிந்த பிறகே அம்பு தொடுக்க வேண்டும்.

எதிரியை அறிய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது பழைய வழி. கண்ணை மரக்கச் செய்து, புண்ணின் ஓரத்தைச் சிறிது சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் பூஞ்சை இழையோ அமீபாக் கூடோ தென்படலாம். எஞ்சியதை வளர்த்தும் பார்ப்பார்கள். அமீபாவுக்கு விருந்தாகத் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி வைத்தால், அது மேய்ந்து சென்ற தடம் காணப்படும். ஆனால் இதற்குப் பல நாட்கள் ஆகலாம்.

இரண்டாவது வழி கான்ஃபோகல் நுண்ணோக்கி. இது சதையை எடுக்காமல், உயிருள்ள கண்ணையே பார்க்கிறது. லேசர் ஒளி படலத்தின் ஒரே ஆழத்தில் குவிகிறது. ஒரு நுண்துளை, வேறு ஆழங்களிலிருந்து வரும் ஒளியை விலக்குகிறது. புத்தகத்தை ஏடு ஏடாகப் புரட்டுவது போலப் படலத்தை அடுக்கடுக்காகப் பார்க்கலாம். பூஞ்சை ஒளிரும் இழையாகவும், அமீபாக் கூடு ஒளிரும் சிறு வட்டமாகவும் தெரியும். மதுரையில் கடுமையான புண்ணுடைய 239 பேரைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், பூஞ்சையுள்ள நூறு பேரில் சுமார் 86 பேரிடமும், அமீபாவுள்ள நூறு பேரில் சுமார் 88 பேரிடமும் இக்கருவி கிருமியைக் காட்டிக்கொடுத்தது.

கருவிக்கும் எல்லை உண்டு. பாக்டீரியா மிகச் சிறியதாதலால் அதற்குப் பொதுவாகப் புலப்படுவதில்லை. நம் உடலின் வெள்ளணுக்களும் ஒளிரும் புள்ளிகளாய்த் தோன்றி அமீபாக் கூடோ என மயக்கும். ஆகையால் படத்தைப் படிக்கப் பழகிய கண் வேண்டும். சுரண்டிப் பார்க்கும் பழைய சோதனையையும் கைவிடலாகாது.

எனினும் எந்தக் கருவியும் நோயாளி வந்த பிறகே உதவும். கண்ணில் தூசோ தாளோ பட்டு வலியும் சிவப்பும் நீடித்தால், தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் விட்டுக் காத்திராதீர்கள். கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தையும் நம்பாதீர்கள். அன்றைக்கே மருத்துவரை நாடுங்கள். வயலில் உழைக்கும் உங்கள் பெற்றோருக்கும் இதைச் சொல்லுங்கள். தழும்பு விழுந்த பின் மாற்றுப் படலம் பொருத்திப் பார்வையை மீட்க முயல்வதைவிட, புண் சிறிதாயிருக்கும்போதே அதன் காரணத்தைக் கண்டறிவது எளிது.