அமானிதமும் அரச பணியும்: அனலைதீவு தரும் பாடம்

 

கலீபா உமர் (ரழி) அவர்கள் உரை நிகழ்த்த எழுந்தபோது, சாமானியர் ஒருவர் குறுக்கிட்டார். அனைவருக்கும் சமமாகப் பங்கிடப்பட்ட துணியில் தங்களுக்கு மட்டும் இத்தனை நீண்ட அங்கி எவ்வாறு கிடைத்தது என்று அவர் வினவியதாக வரலாறு கூறுகிறது. ஆட்சியாளர் சினம் கொள்ளவில்லை. தம் மகனை எழுப்பிப் பதிலளிக்கச் செய்தார். மகன் தமது பங்கையும் தந்தைக்கு வழங்கியிருந்தமை தெளிவானது. அதன் பின்னரே உரை தொடர்ந்தது.

பதவி என்பது அமானிதம். அதனைப் பற்றிக் கேட்பது மக்களின் உரிமை. பதில் கூறுவது பொறுப்பாளரின் கடமை. இன்று நல்லாட்சி எனப் பேசப்படுவதன் வேர் இதுவே.

இந்த உண்மையை யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள அனலைதீவை முன்வைத்துச் சிந்தித்துப் பாருங்கள். நகரவாசி ஒருவரிடம் "நாளை வாருங்கள்" என்று அலுவலகத்தில் கூறினால், அவருக்கு ஒரு பஸ் பயணம் வீணாகும். அனலைதீவு வாசியோ பிரதேச செயலகத்துக்கு ஊர்காவற்றுறை வரை கடல் கடந்து வரவேண்டும். அதே சொல் அவருக்கு ஒரு நாள் உழைப்பையும், மீண்டும் ஒரு படகுப் பயணத்தையும் விலையாகக் கேட்கிறது. காற்றும் கடலும் மாறினால் அந்த "நாளை" இன்னும் தள்ளிப்போகும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் பிற இடங்களிலும் ஒவ்வொரு பதிவுக்காகவும் காத்திருந்த நம் குடும்பங்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்று, சூரிய ஒளி, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்த மின் திட்டம் வகுக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அதனைச் சீன நிறுவனமொன்றிடம் ஒப்படைக்க அமைச்சரவை அனுமதித்தது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தரப்பு அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் திட்டத்தை நிறைவேற்றுவதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச் 1 அன்றே எழுதப்பட்டது. யார் அமைப்பது என்ற கேள்வி தலைநகரங்களில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. எப்போது கிடைக்கும் என்பதோ தீவு மக்களின் கேள்வி.

அருகிலுள்ள பிரதேச சபையிடம் கேட்கலாமே என்பீர்கள். 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. அடுத்த தேர்தல் நடைபெற்றது 2025 மே 6 ஆம் திகதியன்று. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, வீதிக்கும் விளக்குக்கும் பொறுப்புக்கூற மக்கள் பிரதிநிதி எவரும் சபையில் இருக்கவில்லை; அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினர்.

அவ்வாறாயின் சாமானியர் செய்யத்தக்கது என்ன? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. எந்தக் குடிமகனும் அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் தகவல் கோரலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் கூறவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கூறினால், அலுவலரே அதனை எழுத்தில் பதிய வேண்டும். தகவலை வழங்குவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ, 14 நாட்களுக்குள் அவ்வலுவலகத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடம் செல்லலாம்; அதன்பின் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

இளைஞர்களே! கோபத்தில் எழுப்பும் கூச்சல் காற்றோடு போகும். திகதியிட்ட கடிதம் கோவையில் நிற்கும். "எங்கள் இறங்குதுறைக்கு ஒதுக்கப்பட்ட பணம் எவ்வளவு? வேலை எப்போது முடியும்?" எனத் தெளிவாக எழுதுங்கள். கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். பற்றுச்சீட்டு பெற மறவாதீர்கள். எழுதத் தெரியாத அயலவருக்கும் எழுதிக் கொடுங்கள். அவர் எந்தச் சமயத்தவராயினும் சரியே. ஆதாரமின்றி எந்த அலுவலர் மீதும் பழி சுமத்தாதீர்கள்.

பெற்றோர்களே! வேலை விரைவாக முடியட்டும் என்று பிள்ளையின் கண்முன்னே மேசைக்கடியில் நோட்டை நீட்டினால், அப்பிள்ளை கற்பது என்ன? 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். பணமில்லாத ஏழையின் முறையை நாம் பறித்துக்கொள்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நாளை உங்கள் பிள்ளையே அந்த நாற்காலியில் அமரக்கூடும். அப்போது எதிரே கடல் கடந்து வந்த முதியவர் ஒருவர் நிற்பார். அவரைக் கடைசிப் படகுக்கு முன் வேலை முடித்து அனுப்பும் மனத்தை இன்றே வீட்டில் வளர்ப்போம். அமானிதத்தைப் பேணும் பழக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது.