காலால் ஆடும் ஆட்டம், கண்ணால் ஆடும் ஆட்டம்

'டூம்' விளையாட்டில் தலையை நிமிர்த்திப் பார்க்க முடியாது. குனியவும் குதிக்கவும் வழியில்லை. எதிரி உயரத்தில் ஒரு திண்டின் மேல் நின்று நெருப்பை எறிந்தாலும், நம் பார்வை நேர்கோட்டில்தான் இருக்கும். ஆனால் அவன் நிற்கும் திசைக்குத் திரும்பிச் சுட்டால் போதும், குண்டு தானாகவே மேலேறிப் போய் அவன்மேல் படும். வேலரண்ட், கால் ஆஃப் டூட்டி என்று பழகிய இன்றைய பிள்ளைகளுக்கு இது பெரிய ஓட்டையாகத் தெரியும். 1993 டிசம்பர் 10 அன்று வெளியான அந்த விளையாட்டை இன்றும் ஆட ஆள் இருக்கிறது. அதற்கு இந்த ஓட்டையும் ஒரு காரணம் என்றால் நம்புவது கடினம்தான்.

ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர், சுருக்கமாக எஃப்.பி.எஸ்., என்னும் வகையில் நாம் இயக்கும் பாத்திரம் திரையில் தெரியாது. அதன் கண் வழியாக நாம் பார்க்கிறோம். திரையின் அடியில் துப்பாக்கி பிடித்த கை மட்டும் தெரியும். 1970களின் 'மேஸ் வார்' போன்ற முன்னோடிகள் இதற்கு உண்டு. ஆனாலும் இந்த வகையை வீட்டுக் கணினிக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்தியது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த ஐடி சாஃப்ட்வேர் என்ற சின்ன நிறுவனம். ஜான் கார்மேக் நிரல் எழுதினார். ஜான் ரொமேரோ லெவல்களை வடிவமைத்தார். ஏட்ரியன் கார்மேக் ஓவியம் பார்த்துக்கொண்டார். 1992இல் 'உல்ஃபன்ஸ்டைன் 3டி', அடுத்த ஆண்டு 'டூம்', 1996இல் 'குவேக்' என்று அவர்கள் அடுத்தடுத்து வெளியிட்டவைதாம் இன்று 'கிளாசிக்' எனப்படுகின்றன.

பழையதையும் புதியதையும் ஒப்பிடச் சொன்னால் எல்லோரும் படத்தின் தெளிவைத்தான் முதலில் பேசுவார்கள். அது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். ஆடுபவரிடம் விளையாட்டு என்ன வேலை வாங்குகிறது என்பதில் அதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

எந்திரம் போட்ட எல்லை

டூம் ஓடிய கணினிகளில் 386 அல்லது 486 பிராசசர், 4 எம்பி நினைவகம். முப்பரிமாணப் படம் வரையத் தனிச் சில்லு கிடையாது. திரையில் 320க்கு 200 புள்ளிகள், 256 நிறங்கள். பல கணினிகளில் தசமப் புள்ளிக் கணக்கை வேகமாகப் போடும் பகுதியே இல்லாததால், முழு எண்களைக் கொண்டே எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டியிருந்தது.

கார்மேக் இதைச் சமாளித்த விதம் அழகானது. டூமின் ஒவ்வொரு லெவலும் மேலிருந்து பார்த்து வரைந்த ஒரு தரைப்படம். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் தரையின் உயரம், கூரையின் உயரம், வெளிச்சத்தின் அளவு ஆகியவை எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை கட்ட முடியாது. சுவர்கள் எல்லாமே செங்குத்து. சுவர் செங்குத்தாக இருந்தால், திரையில் மேலிருந்து கீழே ஓடும் ஒரு வரிசைப் புள்ளிகளுக்குள் அதன் தொலைவு மாறாது. ஒருமுறை தொலைவைக் கணக்கிட்டால் அந்த வரிசை முழுவதையும் வரைந்துவிடலாம். தரையையும் கூரையையும் இதேபோல் இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக வரையலாம். தலையைச் சாய்த்த உடனே இந்தச் சலுகை போய்விடும். நிமிர்ந்து பார்க்க முடியாததன் காரணம் இதுதான்.

எந்தச் சுவர் முன்னால், எந்தச் சுவர் பின்னால் என்பது அடுத்த சிக்கல். இதற்கு 1980இல் ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரையின் வழியைக் கார்மேக் பயன்படுத்திக்கொண்டார். லெவலை உருவாக்கும்போதே அதை இரண்டிரண்டாக வெட்டிக்கொண்டே போய், துண்டுகளை மரக்கிளைகள் வடிவில் அடுக்கிவைத்துவிடுவது. ஆடும் நேரத்தில் அந்த மரத்தில் இறங்கினால் போதும். அருகில் இருப்பதிலிருந்து தொலைவில் இருப்பதுவரை எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். 'பைனரி ஸ்பேஸ் பார்ட்டிஷனிங்' என்று இதற்குப் பெயர். எதிரிகள் தட்டையான படங்கள்தாம். சிலரைக் களிமண்ணில் செய்து, சுற்றிலுமிருந்து படம்பிடித்துக் கணினிக்குள் ஏற்றினார்கள்.

கால்களுக்கு வேலை

மேல் கீழ் குறி பார்க்கும் வேலை இல்லாமல் போனதால் ஆடுபவருக்கு மிச்சமிருந்தது எங்கே நிற்பது, எந்தப் பக்கம் நகர்வது என்ற முடிவுதான். பலர் மவுஸைத் தொடாமல் கீபோர்டை மட்டும் வைத்தே ஆடினார்கள்.

'இம்ப்' என்ற பழுப்புநிறப் பேய் எறியும் நெருப்புருண்டை கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாக வரும். நம் ஆள் முழுவேகத்தில் ஓடினால் அதைவிட வேகமாகவே ஓடுவான். ஆகவே பக்கவாட்டில் நகர்ந்து தப்பிக்கலாம். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களின் குண்டோ சுட்ட கணத்திலேயே பட்டுவிடும். அவர்களை முதலில் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் தூணின் மறைவுக்குப் போக வேண்டும். ஒரு பேய் எறிந்த நெருப்பு வேறு இனத்துப் பேய்மேல் பட்டுவிட்டால் இரண்டும் நம்மை மறந்து ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். சரியான இடத்தில் போய் நின்று எதிரிகளைச் சண்டைக்குள் இழுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது தேர்ந்த ஆட்டக்காரரின் கைவரிசை. ஓடிக்கொண்டே சுட்டாலும் குறி சிதறாது. தோட்டா நிரப்ப நிற்க வேண்டியதில்லை. எட்டு ஆயுதங்களையும் ஒரே ஆள் சுமந்து திரிவான்.

2020இல் வெளிவந்த வேலரண்டில் நிலைமை நேர்மாறானது. ஓடியபடி சுட்டால் குண்டுகள் சிதறும். எதிரியைக் கண்டதும் காலை நிறுத்தி, தலை உயரத்தில் குறியை வைத்து, ஒரு நொடிக்குள் சுட வேண்டும். டூம் தன் உலகை ஒரு நொடிக்கு 35 முறை கணக்கிட்டது. வேலரண்டின் சர்வர் 128 முறை கணக்கிடுகிறது. கண்ணும் மணிக்கட்டும் நொடியின் சிறு பங்குக்குள் தீர்மானிக்கும் ஆட்டம் என்பதால் அந்த நுணுக்கம் தேவைப்படுகிறது. கால் ஆஃப் டூட்டியில் துப்பாக்கியைக் கண்ணருகே உயர்த்திக் குறிபார்த்தால் நடையின் வேகம் குறைந்துவிடும்.

உயிர் என்னும் கட்டுச்சோறு

டூமில் நம் உடல்நலம் 100 என்று தொடங்கும். அடிபட்டால் குறையும், தானாக ஏறாது. தரையில் கிடக்கும் சின்ன மருந்துப் பொட்டலம் 10 தரும், பெரியது 25. நெடும்பயணத்துக்குக் கட்டிய கட்டுச்சோறு போல அதைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். 90 இருக்கும்போது பெரிய பொட்டலத்தைக் கண்டால் இப்போதே எடுப்பதா, சண்டைக்குப் பிறகு திரும்பி வந்து எடுப்பதா என்று யோசிக்க வேண்டும். எது எங்கே கிடந்தது என்று லெவல் முழுவதும் மனத்தில் பதிவதற்கு இந்தக் கணக்கும் காரணம்.

2001இல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த 'ஹேலோ', நாயகனுக்குத் தானாக மீளும் ஒரு கவசத்தைக் கொடுத்தது. ஒரே சமயத்தில் இரண்டு ஆயுதங்கள்தான் என்றது. விரலுக்கு எட்டும் பொத்தான்கள் குறைவாக உள்ள கன்ட்ரோலருக்கு அது பொருந்தியது. 2005இல் 'கால் ஆஃப் டூட்டி 2' உடல்நலப் பட்டையையே எடுத்துவிட்டது. அடிபட்டால் திரை சிவக்கும். சில நொடிகள் மறைந்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று பழைய ரசிகர்கள் ஏளனம் செய்வதுண்டு. அது முழு நியாயம் இல்லை. ஆடுபவர் ஒவ்வொரு சண்டைக்கும் முழு நலத்தோடு வருவார் என்று தெரிந்தால், வடிவமைப்பாளர் அந்தச் சண்டையைத் துல்லியமாக அமைக்கலாம். கட்டடம் சரிவதையும் ஹெலிகாப்டர் விழுவதையும் சரியான கணத்தில் நிகழ்த்தலாம். சினிமா போன்ற இன்றைய ஆட்டங்களுக்கு இது வழிசெய்தது. சண்டைக்கும் சண்டைக்கும் இடையிலிருந்த உறவு அறுந்ததுதான் இதில் நேர்ந்த இழப்பு. போன அறையில் செய்த தவறுக்கு அடுத்த அறையில் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கதை வந்த கதை

டூமுக்காக டாம் ஹால் என்பவர் விரிவான கதை ஒன்றை எழுதினார். பெரும்பகுதி ஒதுக்கப்பட்டது; விளையாட்டு வெளியாகும் முன்பே அவர் நிறுவனத்தை விட்டு விலகினார். மிஞ்சியது சாவி தேடும் புதிர்: நீலம், மஞ்சள், சிவப்புச் சாவிகள், சுவருக்குப் பின்னால் ரகசிய அறைகள், கடைசியில் வெளியேறும் பொத்தான். வழி தெரியாமல் வெறும் தாழ்வாரங்களில் அலைந்த அலுப்பும் இதில் சேர்த்தி.

குவேக் உண்மையான முப்பரிமாணத்தைக் கொண்டுவந்தது. அறைக்கு மேல் அறை வந்தது. மேலே கீழே பார்க்க முடிந்தது. 1998இல் வால்வ் நிறுவனம் அதே குவேக்கின் நிரலை மாற்றியெடுத்து 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டைச் செய்தது. அதன் தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்துக்குள் நீளமான ஒரு ரயில் பயணம். ஒரு குண்டுகூடச் சுடுவதில்லை. ஆட்டத்தை நிறுத்தாமல், ஆடுபவரின் கண்ணெதிரிலேயே கதையை நிகழ்த்தலாம் என்று அது காட்டியது. அந்த ஹாஃப்-லைஃப்பின் மேல் ரசிகர்கள் சேர்ந்து செய்த மாற்று வடிவமாக 1999இல் 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' பிறந்தது. நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்ட ஆட்டம் அது. நின்று, குறிவைத்துச் சுடும் இன்றைய போட்டி ஆட்டங்களுக்கு அதுவே மூத்தது. பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஓர் ஆண்டைக் குறித்துக் கோடு போட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

கடையும் களமும்

டூமின் முதல் பகுதி இலவசம். நண்பர்களுக்குப் பிரதியெடுத்துக் கொடுக்கலாம். பிடித்திருந்தால் பணம் அனுப்பி மற்ற இரண்டு பகுதிகளையும் வாங்கலாம். அதோடு வியாபாரம் முடிந்தது. லெவல் முடிந்ததும் எத்தனை எதிரிகள், எத்தனை ரகசியங்கள், எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கு வரும். அடுத்த முறை நன்றாக ஆடினால் காரணம் நம் தேர்ச்சி மட்டுமே.

2007இல் 'கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' வேறு பாதையைத் திறந்தது. ஒவ்வொரு சண்டைக்கும் புள்ளிகள், 55 படிநிலைகள், ஏற ஏறப் புதுத் துப்பாக்கிகள். தோற்றாலும் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். இன்று பல ஆட்டங்கள் இலவசம். துப்பாக்கிக்கும் பாத்திரத்துக்கும் போடும் அலங்காரங்களான 'ஸ்கின்'களும் ஆட ஆடப் பரிசுகளைத் திறந்துதரும், பருவத்துக்கு ஒரு 'பேட்டில் பாஸ்'உம்தான் வருமானம். வேலரண்டில் காசு கொடுத்து வாங்கும் ஸ்கின் குண்டின் வலிமையைக் கூட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். டூமில் அலுவலக நெட்வொர்க்கில் நான்கு பேர் சேர்ந்து ஆடியதே அதிசயமாக இருந்தது. இன்று சம பலம் உள்ள எதிராளியைச் சர்வரே தேடித் தருகிறது.

இந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. டூமின் மூல நிரலை ஐடி நிறுவனம் 1997 டிசம்பரில் வெளியிட்டது. அதனால் பிரின்டர் திரையில்கூட டூமை ஓட்டிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ரசிகர்கள் இன்றும் புது லெவல்கள் செய்கிறார்கள். மாறாக, சோனி 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட 'கான்கார்ட்' என்ற எஃப்.பி.எஸ். செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. சர்வரை அணைத்த பிறகு வட்டை வைத்திருந்தும் பயனில்லை.

இரண்டும் சேர்ந்தால்

2016இல் டூம் புது வடிவத்தில் வந்தது. படம் இன்றைய தரத்தில் இருந்தது. ஆட்டம், எங்கே நிற்பது, எந்தப் பக்கம் நகர்வது என்ற பழைய கேள்வியையே கேட்டது. தோட்டா நிரப்பும் வேலை இல்லை, மறைவில் பதுங்கினால் நலம் ஏறுவதும் இல்லை. தளர்ந்துபோன எதிரியிடம் ஓடிப்போய்க் கையால் முடித்தால் உடல்நலம் உதிரும்; ரம்பத்தால் அறுத்தால் தோட்டா கிடைக்கும். உயிர் போகும் நிலையில் பின்வாங்குவதற்குப் பதில் முன்னே பாய வேண்டியதாயிற்று. 2018இல் வந்த 'டஸ்க்' போன்ற சின்ன ஆட்டங்களும் அந்தப் பழைய வேகத்தை வேண்டுமென்றே தேடிப் போனவை.

கார்மேக்குக்கு வேறு வழியில்லாமல் விதிக்கப்பட்ட எல்லைகளை இந்தப் புது ஆட்டங்களைச் செய்தவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இன்றைய கணினியால் எதையும் காட்ட முடியும் என்பதால், ஆடுபவரிடம் எந்த வேலையை விட்டுவைப்பது என்ற முடிவு முழுக்க வடிவமைப்பாளரின் பொறுப்பாகிவிட்டது. விளையாட்டு செய்யக் கற்கும் பிள்ளைகள் டூமின் இலவசப் பகுதியை ஒரு மாலைப் பொழுதில் ஆடிப் பார்க்கலாம். முதல் லெவலில் ஒவ்வொரு கதவும் மருந்தும் எதிரியும் ஏன் அந்த இடத்தில் இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டே போனால், 100 ஜிபியைத் தாண்டும் புதிய ஆட்டத்திலும் அதே கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறதா இல்லையா என்பது தானாகப் புரியத் தொடங்கும்.