மங்கில் சொட்டும் உயிர்

கெப்பாலா பத்தாஸ் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த நேயர்களுக்கு, மங்கில், அதாவது பால் ஏந்தும் கிண்ணத்தில், சொட்டும் பாலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அது மரத்தின் வெறும் சாறு அல்ல. பட்டைக்குள் குழாய்போல் இணைந்திருக்கும் உயிரணுக்களின் சைட்டோபிளாசம்தான் அது; உயிருள்ள பொருள்! அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர், மிச்சத்தில் பெரும்பகுதி நீர். இலையிலிருந்து வரும் சர்க்கரையை நொதிகள் படிப்படியாக மாற்றி, நீண்ட சங்கிலியாகக் கோத்து ரப்பராக்குகின்றன.

விடியுமுன்னே பால் வெட்ட உளியோடு ஓடினார்களே நம் பெற்றோர், அந்த நேரத்தில்தான் உயிரணுக்களுக்குள் நீரழுத்தம் மிகுதி. வெயில் ஏறினால் அழுத்தம் குறையும், பாலும் குறையும்.

வெட்டிய சில மணி நேரத்தில் பால் தானாக நிற்கிறதே? பாலிலுள்ள லூட்டாய்டு என்னும் நுண்பைகள் உடைந்து, ரப்பர் துகள்களை ஒட்டவைத்துக் காயத்தை அடைக்கின்றன. வெட்டுக்கோட்டில் உரித்தெடுக்கும் ஒட்டுப்பால், உறைந்துபோன அந்தப் பால்தான்.

பால் வடிந்தாலும் உயிரணுவின் உட்கரு வடிவதில்லை. சுவரை ஒட்டியே தங்கிவிடும். இழந்ததை உயிரணு மறுபடி உண்டாக்கிக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகும். ஒரே மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டியது அதற்காகத்தான்.