எக்மோ காக்கிறது, இதயம் திணறுகிறது

மானிட்டரில் ரத்த அழுத்தக் கோடு ஏற்ற இறக்கமின்றித் தட்டையாக ஓடுகிறது. எக்கோ திரையில் பெருந்தமனி வால்வு திறக்கவே இல்லை. எக்மோ கருவி உடலெங்கும் ரத்தம் அனுப்புகிறது, இதயமோ திணறுகிறது.

மாரடைப்பு போன்றவற்றால் இதயம் துவண்டு, உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போவதே கார்டியோஜெனிக் ஷாக். அப்போது எக்மோ, சிரை ரத்தத்தை எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, தொடைத் தமனி வழியே இதயத்தை நோக்கி எதிர்த்திசையில் செலுத்துகிறது. அதை எதிர்த்துத் தள்ள முடியாமல் இடது கீழறை வீங்குகிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது.

இந்தச் சுமையை இறக்கப் பல வழிகள் உண்டு. பெருந்தமனிக்குள் துடிப்புக்கேற்ப விரிந்து சுருங்கும் பலூன் எளிது; ஆனால் உதவி குறைவு. ‘இம்பெல்லா’ என்னும் சிறு பம்ப் கீழறை ரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனியில் விடும். ரத்தக்கசிவும் சிவப்பணுச் சிதைவும் நேரலாம். மேலறைகளுக்கு இடைப்பட்ட சுவரைத் துளைத்துக் குழாய் செருகி, இடது மேலறை ரத்தத்தை எக்மோவுக்கே திருப்புவது இன்னொரு வழி.

எப்போது இறக்குவது?

2023இல் வெளியான தென்கொரிய ஆய்வு எக்மோ பொருத்தப்பட்ட 116 பேரை இரு பிரிவாக்கியது. தொடக்கத்திலேயே மேலறைக் குழாய் செருகியவர்களில் 30 நாளுக்குள் இறந்தோர் 46.6 சதவீதம், மற்றப் பிரிவில் 44.8. பெரிய வேறுபாடில்லை. ஆனால் அந்த மற்றப் பிரிவிலும் பாதிப் பேருக்குப் பின்னர் அதே குழாய் தேவைப்பட்டது.