மில்லி வனில்லி: கிடப்பில் போன கடைசி ஆல்பம்

லிப் சிங்க் நமக்குப் புதுசா என்ன? திரையில் ரஜினி வாயசைக்கிறார், பாடுவது எஸ்.பி.பி. என்று தெரிந்தேதான் விசில் அடித்தோம். அப்படியிருக்க, இதே காரியத்துக்காக 1990-ல் ஒரு பாப் ஜோடியின் கிராமி விருதையே ஏன் பறித்தார்கள்?

ராப் பிலாட்டஸ், ஃபேப் மோர்வன். ஜெர்மனியில் நடனமாடிக்கொண்டிருந்த இருவரையும் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் 1988-ல் ஒப்பந்தம் செய்து, 'மில்லி வனில்லி' ஆக்கினார். ஸ்டுடியோவில் பாடியது சார்ல்ஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல் போன்றவர்கள். ஃபாரியனுக்கு இது பழகிய வேலை. போனி எம் குழுவில் பாபி ஃபாரல் ஆட, ரெக்கார்டில் ஒலித்தது ஃபாரியனின் குரல்!

நம் கேசட் உறையில் பாடியவர் பெயர் இருக்கும். மில்லி வனில்லியின் அமெரிக்க ஆல்பத்திலோ, குரல் ராப், ஃபேப் என்றே அச்சிட்டிருந்தார்கள். சிக்கலே அங்குதான்.

1989-ல் 3 பாடல்கள் அமெரிக்காவில் முதலிடம். அதே ஆண்டு கனெக்டிகட் மேடையில் ஒலிப்பதிவு சிக்கி, ஒரே வரி திரும்பத் திரும்ப ஓட, ராப் மேடையை விட்டே ஓடினார். கூட்டம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை! 1990 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. அடுத்த ஆல்பத்தில் நாங்களே பாடுவோம் என்று இருவரும் பிடிவாதம் பிடிக்க, நவம்பரில் ஃபாரியனே விஷயத்தைப் போட்டு உடைத்தார். சில நாட்களில் விருது பறிபோனது. அரிஸ்டா நிறுவனம் அந்த ஆல்பத்தையே தன் பட்டியலிலிருந்து நீக்கியது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டு, பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். ஃபாரியன் மட்டும் தொழிலைத் தொடர்ந்தார்.

1993-ல் 'ராப் அண்ட் ஃபேப்' என்ற பெயரில் சொந்தக் குரலில் ஒரு ஆல்பம் போட்டார்கள். சுமார் 2,000 பிரதிகள்தான் விற்றன. ராப் போதையில் விழுந்தார், 1996-ல் சிறைக்கும் போனார்.

மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பணம் கொடுத்தவர், வேறு யார், ஃபாரியன்தான். 1997-ல் இருவரையும் நிஜமாகவே பாட வைத்து 'பேக் அண்ட் இன் அட்டாக்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். 1998 ஏப்ரல் தொடக்கத்தில், விளம்பரப் பயணம் தொடங்கும் நேரத்தில், ஃபிராங்க்ஃபர்ட் அருகே ஹோட்டல் அறையில் ராப் இறந்துகிடந்தார். மதுவும் மாத்திரைகளும் காரணம். ஆல்பம் வெளிவரவே இல்லை.

பாடியவர் நினைத்தால் வெளியிட முடியாதா? பொதுவாக முடியாது. மாஸ்டர் பதிவு பெரும்பாலும் தயாரிப்பாளர் கையில்தான். நம் 1957 பதிப்புரிமைச் சட்டமும் ஒலிப்பதிவின் 'ஆசிரியர்' என்று சொல்வது தயாரிப்பாளரை. நீங்கள் இண்டி பாடகர் என்றால், கையெழுத்துப் போடும் முன் மாஸ்டர் யாருக்கு, வெளியிடாவிட்டால் உரிமை திரும்புமா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்க.

ஃபாரியன் 2024 ஜனவரியில் காலமானார். ஃபேப் இப்போதும் மேடையேறுகிறார், சொந்தக் குரலில்.