ஸ்பீக்கரை மாற்றுமுன் இடத்தை மாற்றுங்கள்

மாணவர்களே, வீட்டுத் திரையரங்கில் பின்னாலிருந்து சூழ்ந்து வரவேண்டிய ஒலி ஒரே பக்கத்தில் கேட்கிறதா? புதிய ஸ்பீக்கருக்கு அப்பாவிடம் பணம் கேட்குமுன் ஓர் அளவுநாடாவை எடுங்கள்.

காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரு மீட்டரைக் கடக்க சுமார் 3 மில்லிவிநாடி ஆகும். வலது ஸ்பீக்கர் 1 மீட்டரிலும் இடது ஸ்பீக்கர் 3 மீட்டரிலும் இருந்தால், இடப்பக்க ஒலி சுமார் 6 மில்லிவிநாடி தாமதமாக வரும். இரண்டிலும் ஒரே ஒலி எழுந்தால், முதலில் காதை எட்டிய திசையிலிருந்தே அது வருவதாக மூளை முடிவு செய்துவிடும். இதுவே ஹாஸ் விளைவு.

5.1 அமைப்பில் சூழொலி ஸ்பீக்கர்களை, நேர் முன்திசையிலிருந்து இருபுறமும் 110 முதல் 120 பாகையில், காதுக்குச் சற்று மேலே, சம தூரத்தில் வையுங்கள். இடம் போதாதா? ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் பதியுங்கள். அருகிலுள்ளதன் ஒலியை அதுவே தாமதப்படுத்திச் சரிசெய்யும்.

அதன் பிறகும் ஒலி போதவில்லையென்றால், கடையில் 'சென்சிட்டிவிட்டி' எண்ணைப் பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கர் கேட்கும் மின்திறனில் பாதியிலேயே 90 டெசிபல் ஸ்பீக்கர் அதே ஒலியளவைத் தரும். பழைய ரிசீவரே போதும், பணமும் மிச்சம்.